எண்ணெய் விலை ஏறப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

கேள்வி: வீட்டிலேயே கூந்தல் தைலமும் சோப்பும் செய்து விற்கிறேன். தேங்காய் எண்ணெய், பெப்பர்மின்ட் எண்ணெய் போன்றவை விலை ஏறப்போவதை முன்பே கணிக்க வழி உண்டா? விலை இறங்கும்போது மொத்தமாக வாங்கி வைக்கலாமா?

பதில்: எந்தப் பக்கம் போகும் என்பதை ஓரளவு கணிக்கலாம். எத்தனை ரூபாய் என்பதை யாராலும் சொல்ல முடியாது. நானும் ஈரோட்டுப் பக்கம் இதே தொழிலைச் சிறிய அளவில்தான் செய்கிறேன். எண்ணெய் வியாபாரியிடம் விலை எப்படிப் போகும் என்று கேட்டால், ஏறும் என்றுதான் சொல்வார். அவருக்கு விற்க வேண்டுமே. அதைவிட, அந்தப் பயிர் ஒரு முறை அடிவாங்கினால் மீண்டு வர எவ்வளவு காலம் பிடிக்கும் என்று பார்ப்பதுதான் எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

தேங்காயிலிருந்தே தொடங்கலாம். தென்னை மிக மெதுவான மரம். மட்டைக் கக்கத்துக்குள் பாளை கருவாகி, வெளியே வந்து வெடித்து, குரும்பை பிடித்து, காய் முற்றும் வரை மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிறது. பாளை வெடித்ததிலிருந்து எண்ணினாலே சுமார் ஓர் ஆண்டு. அதனால் ஒரு கோடை காய்ந்தால் அந்த வருடக் குரும்பை உதிர்வதோடு கதை முடியாது. அப்போது உள்ளே கருவாக இருந்த பாளைகளும் இளைத்துப்போய், அடுத்த இரண்டு மூன்று வருட வெட்டில் அது தெரியும். "மழை நன்றாகப் பெய்துவிட்டது, இனி தேங்காய் விலை குறைந்துவிடும்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இன்று பெய்கிற மழை காயாக மாற ஒரு வருடமாவது வேண்டும்.

2025-இல் தேங்காய் எண்ணெய் விலை எகிறியபோது நடந்தது இதுதான். 2023-24 எல் நினோ (பசிபிக் கடல் சூடாகி மழையைக் குறைப்பது), அதைத் தொடர்ந்து 2024 சித்திரை, வைகாசியில் கேரளத்திலும் நம் மேற்கு மாவட்டங்களிலும் அடித்த வெயில். அதற்கு முன்பே தோப்புகள் நலிந்திருந்தன: 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட சுருள் வெள்ளை ஈ ஒரு புறம், கேரள வாடல் நோய் இன்னொரு புறம். கோடையில் இளநீருக்கு நல்ல விலை கிடைத்ததால் கொப்பரைக்குப் போக வேண்டிய காயில் ஒரு பங்கு முன்பே வெட்டப்பட்டது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு பாமாயில், சோயா, சூரியகாந்தி கச்சா எண்ணெய்களுக்கான அடிப்படை இறக்குமதி வரியை ஏற்றியது. மற்ற எண்ணெய்களுக்குத் தாவலாம் என்றால் அவையும் மலிவாக இல்லை. 2025 மே இறுதியில் அந்த வரியை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தார்கள். அப்படியும் அந்த ஆண்டு நடுவில் கேரளக் கடைகளில் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. ஓணத்துக்குக் கேரள அரசின் சப்ளைகோ கடைகள் மானிய விலையில் விற்க வேண்டி வந்தது. உலகச் சந்தையிலும் டன் 2,500 டாலரைக் கடந்தது. முக்கிய ஏற்றுமதி நாடான பிலிப்பைன்ஸும் அதே எல் நினோவில் மாட்டியிருந்ததால், வெளியிலிருந்து வந்து விலையை இறக்கவும் ஆளில்லை.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. கொப்பரையில் எண்ணெய் 60 முதல் 65 சதவீதம் இருக்கும். பிண்ணாக்கு விலையைக் கழித்து, ஆட்டுக்கூலியைச் சேர்த்தால் ஒரு கிலோ எண்ணெயின் விலை கொப்பரை விலையைப் போல ஒன்றரை மடங்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பெருந்துறை, ஆனைமலை ஏலங்களில் கொப்பரை என்ன விலைக்குப் போனது என்று நாளிதழில் வருகிறது. அதை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும், எண்ணெய் விலைப் பட்டியலைப் பார்க்கவே தேவையில்லை. நம் பக்கம் மாசி, பங்குனி தொடங்கி ஆனி வரை காய் வரத்து அதிகம், வெயிலும் இருப்பதால் காங்கேயம் களங்களில் கொப்பரை நன்றாகக் காயும். ஐப்பசி, கார்த்திகையில் காயும் குறைவு, களமும் ஈரம். பூஞ்சணம் பிடித்த கொப்பரையை ஆட்டினால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

தேங்காய் எண்ணெய் ஏறும்போது சோப்புக்காரர்கள் எல்லாரும் பனைக்கொட்டை எண்ணெய்க்கு (பாமாயில் இல்லை, அதே எண்ணெய்ப்பனைக் கொட்டையின் உள்பருப்பில் எடுப்பது) ஓடுவார்கள். சோப்புக்கு நுரை தரும் லாரிக் அமிலம் இரண்டிலும் அதிகம் என்பதால் அதன் விலையும் பின்னாலேயே ஏறிவிடும். மாற்றினாலும் காஸ்டிக் சோடா அளவைத் திரும்பக் கணக்கிடாமல் பழைய அளவையே போடாதீர்கள். தேங்காய் எண்ணெய்க்குத்தான் சோடா சற்று அதிகம் பிடிக்கும்.

புதினா எண்ணெயின் சுபாவம் இதற்கு நேர் எதிர். நம் ஊரில் பெப்பர்மின்ட் என்ற பெயரில் கிடைப்பது பல சமயம் உத்தரப் பிரதேசத்து மெந்தா என்ற புதினா வகையின் எண்ணெய். பாராபங்கி, சம்பல், ராம்பூர் பக்கம் தை, மாசியில் வேர்த்துண்டு நடுவார்கள். உருளைக்கிழங்கோ கோதுமையோ எடுத்த வயல் என்றால் இன்னும் தாமதமாக நாற்று நடுவார்கள். நூறு நாள் பயிர். மே, ஜூனில் பருவமழை இறங்கும் முன் வெட்டி, ஊருக்கு ஊர் இருக்கும் வடிகலனில் ஆவியில் காய்ச்சி எடுப்பார்கள். மழை முந்திக்கொண்டால் இலை கொட்டி எண்ணெய் குறையும். ஆனால் ஒரு வருடம் விலை நன்றாக இருந்தால் அடுத்த தையிலேயே எல்லோரும் நட்டுவிடுவார்கள், ஒரே பருவத்தில் விலை சரியும். விவசாயிகள் எண்ணெயை டின்களில் வீட்டிலேயே வைத்திருந்து கல்யாணம், படிப்புச் செலவு என்று வரும்போது விற்பதும் உண்டு. அதனால் எத்தனை ஏக்கர் நட்டார்கள் என்பதோடு, பழைய இருப்பு எவ்வளவு என்பதும் விலையை ஆட்டும்.

இதில் வயலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காரணமும் சேர்ந்துகொள்ளும். மெந்தா எண்ணெயிலிருந்து எடுக்கும் மெந்தால் என்ற குளிர்ச்சி தரும் பொருளைத் தொழிற்சாலையிலும் செய்கிறார்கள். 2017 அக்டோபர் கடைசியில் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் பி.ஏ.எஸ்.எஃப் (BASF) நிறுவனத்தின் சிட்ரால் (எலுமிச்சை மணமுள்ள வேதிப்பொருள்) ஆலையில் தீப்பிடித்தது. அங்கே செயற்கை மெந்தாலுக்கு மூலப்பொருளே அந்த சிட்ரால்தான். ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த நம் மெந்தா விலை அதன்பின் இன்னும் துள்ளியது.

ஆரஞ்சு எண்ணெய் வாங்குகிறீர்களா என்று தெரியவில்லை. அது பழச்சாறு ஆலையில் தோலிலிருந்து வரும் உபபொருள். பிரேசிலில் பழம் குறைந்தால் எண்ணெயும் குறையும், அவ்வளவுதான். ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பசுமையாக்க நோயும் வறட்சியும் சேர்ந்ததில் அங்கே 2024-25 அறுவடை முப்பது ஆண்டுகளில் இல்லாத அளவு சிறுத்தது, எண்ணெயும் எகிறியது. ஃபண்டெசிட்ரஸ் என்ற அமைப்பு ஆண்டுதோறும் மே மாதம் அறுவடைக் கணிப்பு வெளியிடும். அந்தச் செய்தியைப் பார்த்தால் போதும். மல்லிகைச் சாறு நம் பயிர் என்றாலும் சிறு தயாரிப்பாளருக்குக் கட்டுப்படியாகாது. குண்டுமல்லியில் ஒரு கிலோ எடுக்க ஏறத்தாழ ஒரு டன் பூ வேண்டும். தை முகூர்த்தத்தில் பூ கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும்போது ஆலைகள் வாங்காது, கோடையில் பூ கொட்டி விலை விழுந்த பிறகுதான் அவர்களுக்குக் கொள்முதல். விளக்கெண்ணெய் என்றால் குஜராத்தைப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் விதைப்பு, மாசி, பங்குனியில் புது வரத்து. முந்தின வருட விலைதான் விதைப்புப் பரப்பைத் தீர்மானிக்கும்.

சரி, மொத்தமாக வாங்கலாமா? மெந்தாவை ஜூன், ஜூலையில் புது வரத்து இறங்கும்போது ஒரு வருடத்துக்கு வாங்கலாம். நிரம்பிய அலுமினியப் புட்டியில் வெளிச்சம் படாமல் இருந்தால் கெடாது. ஆரஞ்சை அப்படி வைக்காதீர்கள், பாதிப் புட்டியில் காற்றுப் பட்டால் சில மாதத்திலேயே ஆக்சிஜனேற்றமாகி, தோலில் அரிப்பு வர வாய்ப்புண்டு. விளக்கெண்ணெய் தாங்கும். தேங்காய் எண்ணெயை மூன்று மாதத் தேவைக்கு மேல் நான் வாங்குவதில்லை. விலை இறங்கத் தொடங்கினால் தென்னையில் அதுவும் மெதுவாகத்தான் இறங்கும், அவசரம் இல்லை. உங்கள் விற்பனை விலையை மட்டும் ஒரு வருடத்துக்கு என்று யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஐப்பசிக்குப் பிறகு தேங்காய் எண்ணெய் டின் எடுக்கப் போனால், கொப்பரை எந்த மாதத்தில் உலர்த்தியது என்று ஆலையில் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.