வைரவன்பட்டியில் நடை சாத்தியிருந்தால்

அம்மா, பிள்ளைகளோடு காலையில் திருமயம் கோட்டை பார்த்துவிட்டுப் போனதில் வைரவன்பட்டிக் கோயில் நடை சாத்தியிருந்தது, மறுபடி எப்படிப் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். திருமயத்தைக் காலையில் வைக்காதீர்கள், பிள்ளையார்பட்டியில் தொடங்குங்கள். காரைக்குடியிலிருந்து ஒன்பது மணிக்குக் கிளம்பி, கோட்டை ஏறி இறங்கி வந்ததில்தான் வைரவன்பட்டியில் நடை சாத்தியிருக்கும். இந்தப் பக்கம் மதியம் மூடினால் பெரும்பாலும் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள்.

ஏழு மணிக்கெல்லாம் பிள்ளையார்பட்டிக்குப் போய்விடுங்கள். குடைவரையில் இருக்கும் கற்பக விநாயகருக்கு இரண்டே கைகள், வலம்புரித் துதிக்கை, வடக்கு பார்த்த முகம். பிள்ளைகளுக்கு நிதானமாகக் காட்டுங்கள், அவ்வளவு அழகு. அப்புறம் பக்கத்திலேயே வைரவன்பட்டி. நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று, சிற்பவேலைக்கே ஒரு மணி நேரம் கொடுக்கலாம்.

மதியம் காரைக்குடியில் சாப்பாடு, அம்மாவுக்கு ஓய்வு. மாலை குன்றக்குடி. திருமயம் வேறு திசை, அதை இன்னொரு நாளுக்கு விடுங்கள்.

நாள் குறிக்கும் முன் காலண்டரில் சங்கடஹர சதுர்த்தியா என்று பாருங்கள். அன்று பிள்ளையார்பட்டி வரிசையிலேயே காலை போய்விடும்.

ஒன்று மட்டும்: குன்றக்குடி முருகன் மலைமேல், படி ஏற வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி என்றால் வற்புறுத்தாதீர்கள். அடிவாரத்தில் யாராவது கூட உட்காரட்டும், மற்றவர்கள் ஏறி வரலாம்.