மலைத்தோட்டத்துக்கு எந்த வேரியன்ட்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போடிநாயக்கனூரில் வசிக்கிறோம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், சாந்தன்பாறைக்கு அப்பால் எங்களுக்குச் சிறிய ஏலத்தோட்டம் உள்ளது. தார்ச்சாலையை விட்டு இறங்கினால், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வரை மண்ணும் கல்லுமான பாதைதான். பழைய ஜீப்பை விற்றுவிட்டு மஹிந்திரா தார் ராக்ஸ் டீசல் வாங்க எண்ணியிருக்கிறோம். நான்கு சக்கரங்களும் இயங்கும் ஃபோர் பை ஃபோர் வசதி உள்ள எம்எக்ஸ்5 வேரியன்ட்டும், ஃபோர் பை ஃபோர் இல்லாத டாப் மாடலான ஏஎக்ஸ்7எல் வேரியன்ட்டும் ஏறத்தாழ ஒரே விலைக்கு வருகின்றன. என் மகன் டாப் மாடல்தான் வேண்டும் என்கிறான். நம் மலைக்குப் பின்சக்கர இயக்கமே போதும் என்று ஷோரூமிலும் சொல்கிறார்கள். எதை எடுப்பது, ஐயா?
– ஏலத்தோட்ட விவசாயி, போடிநாயக்கனூர்

பதில்: எம்எக்ஸ்5 ஃபோர் பை ஃபோரையே எடுங்கள். உங்கள் மகனின் ஆசையில் தவறில்லை. டாப் மாடலில் இருப்பவை உண்மையிலேயே நல்ல வசதிகள். ஆனால் ஒரே பணத்துக்கு இரண்டு வேரியன்ட்டுகள் எதிரில் நிற்கும்போது, பின்னாளில் எதைச் சேர்த்துக்கொள்ள முடியாதோ அதைத் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வாங்கிவிட வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து. நல்ல ஸ்பீக்கரையும் சீட் கவரையும் கூடுதல் கேமராவையும் தேனியிலேயே பொருத்திக் கொள்ளலாம். எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்சக்கரங்களுக்கு விசை கொண்டு செல்லும் ஷாஃப்ட், பின்சக்கரங்கள் இரண்டையும் பிணைக்கும் டிஃபரன்ஷியல் லாக் ஆகியவற்றை எந்தப் பட்டறையிலும் பொருத்தித் தரமாட்டார்கள். தருவதாக யாராவது சொன்னால் அந்த வண்டியை நம்பி மலை ஏறக் கூடாது.

2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட ஷோரூம் விலையில் எம்எக்ஸ்5 ஃபோர் பை ஃபோர் 18.79 லட்சம் ரூபாயாகவும், ஏஎக்ஸ்7எல் பின்சக்கர இயக்க டீசல் மேனுவல் 18.99 லட்சம் ரூபாயாகவும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறிய பிறகு இந்த விலைகள் இறங்கியிருப்பதால், பழைய பட்டியலை வைத்துக்கொண்டு பேசாமல் இந்த மாதத்து விலைப்பட்டியலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதுகாப்பைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். ஆறு ஏர்பேக்குகள் எல்லா வேரியன்ட்டிலும் உள்ளன. பாரத் என்கேப் என்ற மோதல் சோதனையில் தார் ராக்ஸ் ஐந்து நட்சத்திரம் பெற்றிருக்கிறது. எனவே கீழ் வேரியன்ட் எடுப்பதால் வீட்டாரின் உயிருக்குக் குறை வைக்கிறோமோ என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

பின்சக்கர இயக்கம் போதும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஏற்றத்தை மட்டுமே நினைத்துச் சொல்கிறார்கள். போடிமெட்டு வழியாகப் பூப்பாறை வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 85ஐப் பற்றிக் கேட்டால் அவர்கள் சொல்வது சரிதான். அந்த 17 கொண்டை ஊசி வளைவுகளையும் எந்தச் சாதாரணக் காரும் ஏறிவிடும். உங்கள் கேள்வி அந்தச் சாலையைப் பற்றியது அல்ல. ஜூன் முதல் பெய்யும் தென்மேற்குப் பருவமழையில் ஊறி, அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழையிலும் நனைந்து, காய் எடுப்பு நடக்கும் மாதங்கள் முழுவதும் வழுக்கிக்கொண்டே இருக்கும் தோட்டப் பாதையைப் பற்றியது. அந்தப் பாதையில் ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது. ஏறும்போது சக்கரம் சுழன்றால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான்; இறங்கி நின்று யோசிக்க நேரம் கிடைக்கும். பின்னால் ஆட்களையும் பச்சை ஏலக்காய் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஈரச் சேற்றில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். வண்டி தன் எடையாலேயே பள்ளத்தை நோக்கிச் சறுக்கத் தொடங்கும். நான்கு சக்கரங்களும் குறைந்த வேகத்தில் இயங்கும் ஃபோர் லோ என்ற நிலையில் முதல் கியரைப் போட்டால் நான்கு சக்கரங்களையும் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பிரேக்கை ஏறக்குறைய தொடாமலே நடை வேகத்தில் இறங்கி வரலாம். பழைய ஜீப்பை இத்தனை காலம் ஓட்டிய உங்கள் ஓட்டுநருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஒரு கியர் பின்சக்கர இயக்க வண்டியில் கிடையாது.

அடுத்தது டிஃபரன்ஷியல் லாக். மழைநீர் பாதையின் குறுக்கே வெட்டிய ஓடையில் ஒரு பின்சக்கரம் இறங்கி மற்றொன்று காற்றில் தூக்கிக்கொண்டால், இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரன்ஷியல் எளிதாகச் சுழலும் சக்கரத்துக்கே, அதாவது காற்றில் இருக்கும் சக்கரத்துக்கே, சுழற்சியைத் தள்ளிவிடும். தரையைத் தொட்டிருக்கும் சக்கரம் அசையாது. எம்எக்ஸ்5 ஃபோர் பை ஃபோரில் ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு பின்சக்கரங்களும் ஒன்றாகச் சுழலும்படி மின்னணு லாக் பிணைத்துவிடும். இதையும் ஃபோர் பை ஃபோர் நிலையையும் உலர்ந்த தார்ச்சாலையில் பயன்படுத்தக் கூடாது. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால், பிணைந்த நிலையில் கியர் பகுதிகளில் இறுக்கம் ஏறி அவை பழுதாகும். தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு ஏறியதும் பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் டூ ஹை நிலைக்கு மாற்றிவிடும் பழக்கம் வண்டியைத் தொடும் எல்லோருக்கும் வர வேண்டும். உங்கள் மகனுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஷோரூமில் யாரும் எடுத்துச் சொல்லாத இன்னொரு விஷயம் டயர். எம்எக்ஸ்5இல் வருவது 255/65 ஆர்18 அளவு. ஏஎக்ஸ்7எல்லில் வருவது 255/60 ஆர்19. வெளிச்சுற்றளவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே உள்ள சைடுவால் எம்எக்ஸ்5இல் சுமார் 166 மில்லிமீட்டர், டாப் மாடலில் 153 மில்லிமீட்டர். கூர்மையான கல்லில் ஏறி இறங்கும்போது ரிம்மைக் காப்பது அந்த ரப்பர் உயரம்தான். பெரிய சக்கரம் ஷோரூம் வாசலில் அழகாகத் தெரியும். கல் பாதையில் கீழ் வேரியன்ட்டின் சக்கரமே மேல். வண்டிக்கு முன்பணம் கட்டும் முன் போடியிலும் தேனியிலும் உள்ள டயர் கடைகளில் இந்த இரண்டு அளவுகளும் உடனே கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

டாப் மாடலை விடுவதால் நீங்கள் இழப்பவை காற்றோட்டமுள்ள முன் சீட்டுகள், 360 டிகிரி கேமரா, ஓட்டுநருக்கு உதவும் ஏடாஸ் வசதிகள் முதலியவை. தேனி மாவட்டத்து வெயிலில் காற்றோட்டமுள்ள சீட்டின் அருமை எனக்கும் தெரியும். அது உண்மையான இழப்புதான். தடம் மாறாமல் காக்கும் ஏடாஸ் வசதிக்கோ சாலையில் தெளிவான கோடுகள் வேண்டும். கோடே இல்லாத தோட்டப் பாதையிலும், மூடுபனி இறங்கிய போடிமெட்டிலும் அதை நம்பி இருக்க முடியாது. மதுரைக்கும் சென்னைக்கும் நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓடுபவருக்கு அதற்குக் கொடுக்கும் பணம் தகும். மேலும், தார் ராக்ஸின் வெளிர்நிற உள்அலங்காரம் சேற்றுக் காலோடு ஏறுபவர்களுக்கு ஏற்றதே அல்ல. அடர்ந்த மோக்கா பழுப்பு நிறத்தை நிறுவனம் அறிமுகப்படுத்தியதே ஃபோர் பை ஃபோர் வேரியன்ட்டுகளுக்காகத்தான்.

இரண்டும் வேண்டுமென்று மகன் ஏஎக்ஸ்7எல் ஃபோர் பை ஃபோரைக் கேட்டால், வாழ்நாள் வரியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரி திருத்தப்பட்ட பிறகு, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவீதமும் 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதமும் ஆகும். அறிமுக விலையில் அந்த வேரியன்ட் 20.99 லட்சம் என்பதால், எம்எக்ஸ்5 ஃபோர் பை ஃபோரோடு ஒப்பிட்டால் ஷோரூமில் 2.20 லட்சமாகத் தெரிந்த வித்தியாசம் வரியோடு சேர்த்துச் சுமார் 3 லட்சமாக உயர்ந்தது. இப்போதைய பில் தொகை 20 லட்சத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை முதலில் பாருங்கள். வண்டியைத் தொடர்ந்து 12 மாதங்களுக்கு மேல் கேரளத் தோட்டத்திலேயே வைத்திருப்பீர்களானால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு; வீடு போடியில், வண்டி மலையில் என்று வைத்திருப்பவர்கள் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

என் பதில் மாறக்கூடிய சூழல்கள் இரண்டு உண்டு. இடுக்கியில் பல தோட்டப் பாதைகளுக்குக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். உங்கள் பாதையும் ஸ்டோர் வாசல் வரை அப்படி ஆகிவிட்டால் மகன் சொல்வதைக் கேளுங்கள். முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாதவர் ஓட்டுவதாக இருந்தால், எம்எக்ஸ்5 ஃபோர் பை ஃபோர் மேனுவலில் மட்டுமே அறிமுகமானது என்பதால், ஏஎக்ஸ்5எல் ஆட்டோமேட்டிக் ஃபோர் பை ஃபோரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: வண்டிப்பெரியாறில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். மாருதி ஜிம்னி வாங்குவதாக முடிவாகிவிட்டது. ஜீட்டா போதுமா, ஆல்ஃபா எடுக்க வேண்டுமா? மாதம் சில முறை இரவில் கோட்டயத்திலிருந்து திரும்ப வேண்டியிருக்கிறது.
– வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: அம்மா, முந்தைய வாசகரின் சங்கடம் உங்களுக்கு இல்லை. 2023 ஜூனில் ஜிம்னி அறிமுகமானபோதே ஃபோர் பை ஃபோர், லோ ரேஞ்ச் கியர், ஆறு ஏர்பேக்குகள், இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதி ஆகிய அனைத்தையும் இரண்டு வேரியன்ட்டிலும் ஒன்றுபோல் கொடுத்துவிட்டார்கள். எஞ்சினும் ஒன்றே, 195/80 ஆர்15 டயரும் ஒன்றே. ஜீட்டாவில் வரும் இரும்பு டிஸ்க் குழியில் விழுந்து வளைந்தால் தட்டி நிமிர்த்திவிடலாம். ஆல்ஃபாவின் அலாய் வீல் வெடித்தால் மாற்றத்தான் வேண்டும். எனவே பகலில் மட்டும் ஓட்டுபவருக்கு ஜீட்டாவையே சொல்லியிருப்பேன்.

ஆனால் குட்டிக்கானம், பீருமேடு வழியாக இரவில் வருகிறீர்கள். ஆல்ஃபாவில் எல்ஈடி முகப்பு விளக்கும் பனி விளக்கும் உள்ளன. ஜீட்டாவில் ஹாலஜன் விளக்கு. ஹாலஜன் கூட்டுக்குள் வெளியில் விற்கும் எல்ஈடி பல்பைச் செருகினால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்; மூடுபனியில் அதே ஒளி வெள்ளைத் திரையாகத் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். இந்த ஒரு காரணத்துக்காக நீங்கள் ஆல்ஃபாவை எடுங்கள். பெரிய திரையும் தானியங்கி ஏசியும் அதோடு கிடைப்பவை. அவற்றுக்காக எடுக்கச் சொல்லவில்லை. மூடுபனியில் ஹை பீம் வேண்டாம், லோ பீமும் பனி விளக்கும் போதும். ஜிம்னி நான்கு பேருக்கான வண்டி என்பதையும், 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் இழுவிசை 134 நியூட்டன் மீட்டர்தான் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். ஆள் நிறைந்திருக்கும்போது ஏற்றத்தில் கியரைக் குறைத்தே ஓட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: கீழ் வேரியன்ட்டை வாங்கி, மிச்சப் பணத்தில் பெரிய டயர், முன்பக்க இரும்பு பம்பர், கூரை விளக்கு என்று வெளியில் பொருத்திக்கொள்ளலாமா? அடிக்கடி நிலம்பூர், சுல்தான் பத்தேரி சென்று வருகிறேன்.
– வாசகர், கூடலூர்

பதில்: நீங்கள் சொன்ன மூன்றும் வேண்டாம். இரும்பு பம்பரை மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே தடுத்துவிட்டது. மோதலின்போது வண்டியின் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை வாங்குவதையும், ஏர்பேக் சென்சார் உரிய நேரத்தில் செயல்படுவதையும் அது கெடுக்கிறது, எதிரே நடந்து வருபவருக்கும் ஆபத்து. தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. எல்லை தாண்டியதும் கேரள மோட்டார் வாகனத் துறையினர் இதில் கண்டிப்பு காட்டுவார்கள்; விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதையே காரணம் காட்டலாம்.

டயரை மாற்ற விரும்பினால், நிறுவனம் அந்த வண்டிக்குக் குறித்த அதே அளவில், அதே எடை தாங்கும் திறனுள்ள ஆல் டெரெய்ன் டயரைப் போடுங்கள். சேற்றில் பிடிப்பு நன்றாகவே கூடும். மிச்சப் பணத்தில் நல்ல இழுவைப் பட்டை ஒன்று, அதை வண்டியோடு இணைக்கும் ஷாக்கிள் என்ற இரும்பு வளையம், காற்றழுத்தமானி, சிறிய ஏர் கம்ப்ரஸர் ஆகியவற்றை வாங்கி வண்டியிலேயே வைத்திருங்கள். சேற்றுப் பாதையில் டயர்க் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் பரந்து தரையைப் பற்றிக்கொள்ளும். தார்ச்சாலைக்கு ஏறியவுடன், வேகம் பிடிக்கும் முன்பே, பழைய அளவுக்கு நிரப்பிவிட வேண்டும்.