சமத்துவமா, சுதந்திரமா: கட்டுரையில் எந்தப் பக்கம் நிற்பது?

கேள்வி: அரசியல் தத்துவத் தேர்வுக்குப் படித்து வருகிறேன். ‘சமத்துவம் கூடினால் தனிமனித சுதந்திரம் குறையும், ரால்ஸ் சமத்துவத்தின் பக்கம், நோசிக் சுதந்திரத்தின் பக்கம்’ என்று விலைக்கு வாங்கிய கைடில் உள்ளது. கட்டுரையில் யார் பக்கம் நின்று எழுதுவது?

பதில்: முதலில் அந்தக் கைடை மூடி வையுங்கள். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட நூலில் வகுத்த முதல் விதியே சுதந்திரத்தைப் பற்றியது. பேச்சு, மனச்சாட்சி, வாக்கு முதலிய அடிப்படைச் சுதந்திரங்கள் அனைவருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்றும், பொருளாதார நன்மைக்காக அவற்றைக் குறைக்கக் கூடாது என்றும் அவர் கூறுகிறார். வருமானம் பற்றிய விதி அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது. அதுவும் ஏற்றத்தாழ்வை அடியோடு விலக்கவில்லை.

வாக்குச் சீட்டில் சமத்துவமும் சுதந்திரமும் மோதுவதில்லை, சொத்தில்தான் மோதுகின்றன. ஆகவே, பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் 1979-இல் தம் சொற்பொழிவுக்குத் தலைப்பாக வைத்த ‘எதில் சமத்துவம்?’ என்ற கேள்வியை முதல் பத்தியிலேயே நீங்களும் கேட்டுவிடுங்கள்.

ரால்ஸை மறுத்த அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1974-இல் எழுதிய கூடைப்பந்து வீரர் எடுத்துக்காட்டு உங்கள் கைடிலும் இருக்கும். செல்வம் சமமாகவே பங்கிடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஒரு வீரரின் ஆட்டத்தைக் காண வரும் பத்து லட்சம் பேர் ஆளுக்கு 25 சென்ட் அவருக்கென்று மனமுவந்து தந்தால், அவரிடம் 2,50,000 டாலர் சேர்ந்து, பழைய பங்கீடு குலைந்துவிடும். அதைக் காக்க வேண்டுமானால், மக்கள் விரும்பிச் செய்யும் கொடுக்கல் வாங்கலில் அரசு ஓயாமல் தலையிட நேரும் என்பதே அவருடைய வாதம்.

கைடுகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன, நோசிக் நிற்கவில்லை. சொத்து முதலில் நியாயமாகக் கைக்கு வந்திருக்க வேண்டும், நியாயமாகவே கைமாறியிருக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. பறித்தோ ஏமாற்றியோ சேர்த்த சொத்தாயின், அந்தத் தவறைச் சரிசெய்யத் தனி விதி வேண்டும் என்றும் அவரே சொல்கிறார். அத்தகைய பழைய அநீதி எதுவும் இல்லை என்று தெளிவாகாதவரை, ஏழைகளுக்குப் பணம் மாற்றித் தரும் எந்தத் திட்டத்தையும் தம் கோட்பாட்டைக் காட்டிக் கண்டிக்க முடியாது என்றும், அந்த அநீதிகள் மிகப் பெரியவையாயின் சில காலத்துக்குப் பரந்த அதிகாரமுள்ள அரசுகூடத் தேவைப்படலாம் என்றும் எழுதியிருக்கிறார். உலகில் எந்த நிலத்தின் பழைய கதை அவ்வளவு சுத்தமானது? இந்த ஒரு விலக்கை விட்டுவிட்டு நோசிக்கை மேற்கோள் காட்டுபவர் அவரைப் படிக்கவில்லை என்றே நான் முடிவு செய்வேன்.

எதிர்ப்புறத்திலும் ஒரு பொறி உண்டு. சமத்துவத்துக்காகச் சுதந்திரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் இழந்தது இழந்ததுதான், அதற்கு வேறு பெயர் சூட்டாதீர்கள் என்று 1958-இல் தத்துவ அறிஞர் ஐசையா பெர்லின் எச்சரித்தார். இதற்குத் தத்துவ அறிஞர் ஜி. ஏ. கோஹனின் மறுமொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பயணச்சீட்டுக்குப் பணமில்லாமல் ரயிலில் ஏறியவரை இறக்கிவிடுவதும் அவருடைய சுதந்திரத்தில் குறுக்கீடுதான், ஆகவே பணமின்மையே சுதந்திரமின்மை. இப்படிப் பார்த்தால், மோதுவது பல இடங்களில் ஒருவருடைய சுதந்திரமும் இன்னொருவருடைய சுதந்திரமும்தான்.

மாதிரி விடை விற்பவர்கள் இதையெல்லாம் இரண்டு கட்டங்களாக வரைந்து காசாக்குகிறார்கள். மேற்கோள்களை எண்ணி மதிப்பெண் போடும் தேர்வுமுறை அவர்களுக்குத் துணைபோகிறது. நீங்கள் மேற்கோளை இரண்டோடு நிறுத்திக்கொண்டு, மிச்ச இடத்தில் யாருடைய எந்தச் சுதந்திரம், எதிலான சமத்துவத்துக்காகக் குறைகிறது என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்கி எழுதுங்கள்.