மாடல் ரயிலில் அச்சான எழுத்தை மட்டும் எடுப்பது எப்படி?

கேள்வி: பிரான்சில் குடியிருக்கும் என் பெரியப்பா இந்த முறை ஊருக்கு வந்தபோது, தன் மகன் சின்ன வயதில் விளையாடிய ரயில் செட்டை என் பையனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஜூயெஃப் கம்பெனியின் எச்.ஓ. அளவு (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு) செட். நீல நிற டீசல் எஞ்சின் ஒன்று, பச்சைப் பெட்டிகள் மூன்று. எல்லாவற்றிலும் பிரெஞ்சு ரயில்வேயின் 'எஸ்.என்.சி.எஃப்.' என்ற எழுத்தும் எண்களும் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு நம் தெற்கு ரயில்வே எழுத்தை ஒட்டி, விழுப்புரம் பாசஞ்சராக ஓட்ட வேண்டும் என்று பையன் அடம்பிடிக்கிறான். பெயிண்ட் கடையில் கேட்டால் தின்னர் போதும் என்கிறார்கள். வீட்டில் நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்கிறது. எதைப் போடலாம்? நிறம் கெடாமல் எழுத்து மட்டும் போகுமா? (வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: போகும். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டையும் ரயில் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நெயில் பாலிஷ் ரிமூவரில் பெரும்பாலும் இருப்பது அசிட்டோன். பெயிண்ட் கடையில் வெறுமனே 'தின்னர்' என்று கேட்டால் அநேகமாக என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மாடல் ரயில்களின் உடல் பாலிஸ்டைரீன் அல்லது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் வார்த்தது. இரண்டுமே இந்தத் திரவங்களில் கரையும். எழுத்து போவதற்குள் அடியில் இருக்கும் நீலம் போய்விடும், நீலம் போன கையோடு பிளாஸ்டிக்கும் பிசுபிசுத்து இழுக்க ஆரம்பிக்கும். 'அசிட்டோன் இல்லாதது' என்று லேபிள் ஒட்டிய ரிமூவரையும் நம்ப வேண்டாம். அதில் அசிட்டோனுக்குப் பதில் எத்தில் அசிட்டேட் இருக்கலாம், அதுவும் பாலிஸ்டைரீனைக் கரைக்கும்.

எழுத்தைத் தொடுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: நிறம் அப்படியே இருக்க வேண்டுமா, இல்லை முழுதாக மாற்றப் போகிறீர்களா? விழுப்புரம்–புதுச்சேரி பாதை 1879-இல் மீட்டர் கேஜாக வந்தது, 2004-இல் அகலப்பாதையானது. பையன் எந்தக் காலத்து பாசஞ்சரைக் கேட்டாலும், நம் ஊர்ப் பெட்டி ஒன்று பழைய செந்நிறமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐ.சி.எஃப். (பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலை) பெட்டிகளின் நீலமாக இருக்க வேண்டும். பிரெஞ்சுப் பச்சை இரண்டிலும் சேராது. ஆகவே பெட்டிகளுக்கு எப்படியும் புது பெயிண்ட்தான். முழுதாகப் பெயிண்ட் அடிக்கப்போகும் பெட்டியில் எழுத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பது வெட்டி வேலை. 1500 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, எழுத்து இருக்கும் இடத்தை விரலால் தடவினால் மேடு தட்டுப்படாத அளவுக்குத் தேய்த்துவிட்டு, மேலே பிரைமர் அடித்துவிடலாம். மேட்டை மட்டும் விட்டுவைக்காதீர்கள், பெயிண்டுக்கு மேலேயும் பழைய எழுத்தின் விளிம்பு தெரியும்.

அப்போது பாக்கி இருப்பது நீல எஞ்சின். கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

தொழிற்சாலையில் இந்த எழுத்துகளைப் பெரும்பாலும் 'பேட் பிரிண்டிங்' முறையில் அச்சடிக்கிறார்கள். உலோகத் தகட்டில் பள்ளமாகச் செதுக்கிய எழுத்தில் மையை நிரப்பி, மெத்தென்ற சிலிகான் திண்டால் அதை எடுத்து, பெயிண்ட் அடித்துக் காய்ந்த உடலின் மேல் ஒற்றிவிடுவார்கள். மையின் தடிமன் சில மைக்ரான்கள்தான், தலைமுடியைவிட எவ்வளவோ மெல்லிசு. நமக்குச் சாதகமான விஷயம், மையும் பெயிண்டும் தனித்தனியாகக் காய்ந்த இரண்டு படலங்கள் என்பது. மேல் படலத்தை இளக்கவும் கீழ்ப் படலத்தைச் சும்மா விடவும் ஒரு திரவம் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் பழைய செட் என்றால் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். எஞ்சின் கூட்டைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். உள்ளேயும் அதே நீலம் என்றால் அது பெயிண்ட் இல்லை, பிளாஸ்டிக்கின் நிறமே அதுதான். அப்படியானால் அதிர்ஷ்டம், மேலே அழிவதற்கு பெயிண்ட்டே கிடையாது. உள்ளே கறுப்போ சாம்பலோ தெரிந்தால் வெளியே இருப்பது பெயிண்ட், கை அளவோடு நிற்க வேண்டும். அடுத்தது, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து எழுத்தைப் பாருங்கள். பழைய மாடல்கள் சிலவற்றில் சூடான அச்சால் எழுத்தைப் பதித்திருப்பார்கள். அதில் எழுத்து மேடாக இருக்காது, இம்மியளவு பள்ளமாக இருக்கும். மையை எடுத்த பிறகும் அந்தப் பள்ளம் எழுத்து வடிவத்தில் நிற்கும். அப்படி இருந்தால் பள்ளத்தை நிரப்பித் தேய்த்து அந்தப் பக்கம் முழுவதையும் பெயிண்ட் அடிப்பது ஒன்றுதான் வழி. நிறத்தைக் காப்பாற்றும் பேச்சே இல்லை.

பள்ளம் இல்லையா? சரி, வேலையை ஆரம்பிக்கலாம்.

முதலில் போட வேண்டியது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் கடையில் 'ஐ.பி.ஏ.' என்று கேட்டால் கிடைக்கும், பெரிய மருந்துக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். சுத்தமான ஐ.பி.ஏ. என்றால் ஏழு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஆரம்பியுங்கள், போதவில்லை என்றால் அப்புறம் கெட்டியாக்கலாம். கொரோனா காலத்து சானிடைசர் ஜெல் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள், அதில் இருக்கும் கிளிசரின் பிசுக்காகத் தங்கிவிடும். புதுச்சேரியில் ஆல்கஹாலுக்கா பஞ்சம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கக்கூடும். அந்தச் சரக்கில் பாதிக்கு மேல் தண்ணீர், எழுத்து அசையாது.

எஞ்சின் கூட்டை அடிச்சட்டத்திலிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள், மோட்டாருக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. ஜன்னல் கண்ணாடிகளையும் கழற்றிவிடுங்கள். ஆல்கஹால் பட்டால் தெளிவான பிளாஸ்டிக்கில் நுண்ணிய வெடிப்புகள் ஓடலாம், அதைச் சரிசெய்ய வழி இல்லை. கூட்டைப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். இத்தனை வருடக் கை எண்ணெய் போகாமல் எதுவும் ஒழுங்காக வேலை செய்யாது. அப்புறம் வெளியே தெரியாத ஓரிடத்தில், கூட்டின் கீழ் விளிம்பில், ஐ.பி.ஏ. நனைத்த பஞ்சை வைத்துத் தேய்த்து ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பஞ்சில் நீலம் ஒட்டினால் இந்தப் பெயிண்டுக்கு ஐ.பி.ஏ. ஆகாது. அடுத்த வழிக்குப் போய்விடுங்கள்.

நீலம் ஒட்டவில்லை என்றால் காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐ.பி.ஏ.யில் தொட்டு, டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக்கூடாது. ஒரு நேரத்தில் ஓர் எழுத்து. எழுத்தின் மேல் குச்சியை உருட்டி உருட்டி நனைத்து, அரை நிமிடம் ஊறவிட்டு, பிறகு லேசாகத் தேய்க்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் எழுத்தின் ஓரம் மங்கும், பஞ்சில் வெள்ளைத் தூசி மாதிரி மை ஏறும். அந்த நொடியிலேயே குச்சியைத் திருப்பிச் சுத்தமான பக்கத்துக்கு மாறிவிடுங்கள். மை ஏறிய பஞ்சாலேயே தொடர்ந்து தேய்த்தால் கரைந்த வெள்ளை சுற்றிலும் பரவி நீலத்தின் மேல் மூட்டமாகப் படியும். பலரும் 'பெயிண்ட் வெளுத்துவிட்டது' என்று சொல்வது பாதி நேரம் இந்த மூட்டத்தைத்தான். பஞ்சில் வெள்ளைக்குப் பதில் நீலம் தெரிந்த மறுவிநாடி கையை எடுத்துவிடுங்கள். அந்த இடம் காய்ந்து மறுபடி இறுகட்டும், மறுநாள் பார்க்கலாம்.

எழுத்தின் உள் மூலைகளிலும், ரிவெட் மேடுகளைச் சுற்றியும் மை ஒளிந்துகொள்ளும். அதற்குப் பல் குத்தும் குச்சியின் நுனியைப் பிளேடால் உளி போலச் சீவி, ஐ.பி.ஏ.யில் நனைத்து, மையை நெம்பி எடுங்கள். மரம் பெயிண்டைவிட மென்மையானது என்பதால் கீறாது. ஊசி, பிளேடு நுனி, குண்டூசி எதுவும் வேண்டாம்.

ஐ.பி.ஏ.க்கு மசியாத மையும் உண்டு. அதற்கு என் முதல் தேர்வு, டெக்கால் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் எழுத்துப் படலம்) ஒட்டப் பயன்படும் மென்மையாக்கித் திரவம், மைக்ரோ சால் அல்லது சால்வசெட். மாடல் கட்டுபவர்களுக்கு விற்கும் ஆன்லைன் கடைகளில் கிடைக்கும், புது எழுத்து ஒட்டும்போதும் உங்களுக்கு வேண்டியிருக்கும். எழுத்தின் அளவுக்கு டிஷ்யூ துண்டு ஒன்றைக் கத்தரித்து மேலே வைத்து, திரவத்தைத் தூரிகையால் தொட்டு நனைத்துச் சில நிமிடம் விடுங்கள். எடுத்துவிட்டு, சீவிய குச்சியாலோ பென்சில் ரப்பராலோ தேய்த்தால் மை சுருண்டு வரும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனையும் அடிப்பக்கத்தில் சோதித்துவிட்டுப் போட்டுப் பார்க்கலாம். என்.சி. தின்னர் அளவுக்கு மூர்க்கம் இல்லாதது, ஆனால் எனாமல் பெயிண்டாக இருந்தால் இளக்கும்.

தேய்ப்பு முறையைக் கடைசியாகத்தான் எடுப்பேன். கார் பாலிஷ் கடையின் ரப்பிங் காம்பவுண்டையோ பித்தளை தேய்க்கும் பிராசோவையோ பஞ்சுக்குச்சியில் துளி தொட்டுத் தேய்த்தால் எந்த மையும் போகும். ஆனால் அது மையையும் பெயிண்டையும் பிரித்துப் பார்க்காது. தட்டையான இடத்தில் சரி, ரிவெட்டோ கைப்பிடியோ மேடாக இருக்கும் இடத்தில் முதலில் மேட்டின் உச்சியில் நீலம் போய்ப் பிளாஸ்டிக் பல்லிளிக்கும்.

எதைச் செய்தாலும் ஜன்னலைத் திறந்து வைத்து, பூஜை விளக்கும் கேஸ் அடுப்பும் இல்லாத அறையில் செய்யுங்கள். இவற்றில் பல தீப்பிடிக்கும். பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், திரவம் பெரியவர் கையில் இருக்கட்டும்.

எழுத்து போன இடத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், எழுத்தின் சாயல் இன்னும் தெரியும். மை இத்தனை வருடம் மூடியிருந்த இடம் வெயில் பட்டு மங்காமல் கொஞ்சம் ஆழ்ந்த நீலமாக இருக்கும், தேய்த்த இடம் சுற்றுப்புறத்தைவிடப் பளபளப்பாகவும் இருக்கும். இதைப் பார்த்து மேலும் மேலும் தேய்ப்பதுதான் பெயிண்டைக் கெடுக்கிறது. நிறுத்திவிடுங்கள். பளபளப்பு வித்தியாசம் கடைசியில் அடிக்கும் வார்னிஷில் மறைந்துவிடும், நிற வித்தியாசம் பாதி மறையும், மீதியைப் புது எழுத்து மூடிக்கொள்ளும். அதற்காகவே புது எழுத்தைப் பழையது இருந்த இடத்திலேயே வைக்கச் சொல்வேன்.

இனி புது எழுத்து. இது கையில் வந்து சேரும் வரை பழையதைத் தொடாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் உண்மையான சிக்கல் இங்கேதான். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால் தாளில் சாதாரண லேசர் பிரிண்டரால் அச்சடிக்கலாம். ஆனால் அந்தப் பிரிண்டரில் வெள்ளை கிடையாது. மஞ்சள் இருக்கிறது, அது கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் மஞ்சள், நீலத்தின் மேல் ஒட்டினால் அழுக்குப் பச்சையாகக் காணாமல் போகும். நம் ரயில்களின் எழுத்தோ வெள்ளையிலும் மஞ்சளிலும்தான் அதிகம். ஒரு வழி, வெள்ளை டோனர் வைத்திருக்கும் அச்சகத்தில் டெக்கால் தாளைக் கொடுத்து அடித்து வாங்குவது. இன்னொன்று, வெள்ளை டெக்கால் தாளில் நீலப் பின்னணியை அச்சடித்து எழுத்தை மட்டும் வெள்ளையாக விடுவது. அந்த நீலமும் எஞ்சின் நீலமும் அச்சு அசலாகப் பொருந்துவது அபூர்வம். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும்.

எண்ணையும் சரியாகப் போடுங்கள், பையன் நாளைக்குக் கேள்வி கேட்பான். ஐந்து இலக்கப் பெட்டி எண்ணில் முதல் இரண்டும் கட்டிய வருடம், கடைசி மூன்றும் வகையோடு சேர்ந்த வரிசை எண். முன்பதிவில்லாத பொதுப் பெட்டிக்கு 401 முதல் 600 வரை. அகலப்பாதை வந்த காலத்து பாசஞ்சருக்கு 98452 என்று போட்டால் பொருந்தும். தண்டவாள அகலத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள். 1:87 அளவில் நம் 1676 மில்லிமீட்டர் பாதை 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும், எச்.ஓ. தண்டவாளமோ 16.5.

டெக்காலை மேட் (பளபளப்பில்லாத) பரப்பில் நேராக ஒட்டினால் அடியில் காற்று மாட்டி வெள்ளிப்பூச்சாகத் தெரியும். எழுத்து வரும் இடத்தில் முதலில் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ் அடித்துக் காயவிட்டு, டெக்காலை ஒட்டி மென்மையாக்கியால் படியவைத்து, முழுக் காய்ந்த பிறகு கூடு முழுவதும் மேட் வார்னிஷ் அடியுங்கள். ஸ்பிரே டப்பாவை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை. கடற்கரை ஊரில் இதற்கு நாள் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் அடித்த வார்னிஷ் காயும்போதே பால் கோத்தது போல வெளுத்துவிடும். தை, மாசியில், மழை இல்லாத காய்ந்த நாளாகப் பார்த்து அடியுங்கள்.

வார்னிஷ் ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகே ஜன்னல் கண்ணாடிகளைத் திரும்ப மாட்டுங்கள். ஒட்டுவதற்கு ஃபெவிக்விக் எடுத்துவிடாதீர்கள், அதன் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். ஓரத்தில் ஒரு துளி ஃபெவிகால் போதும்.