வட சென்னை வீட்டில் டெய்சி செடி ஆண்டுக்கணக்கில் நிலைக்குமா? அக்கம்பக்கத்தாருக்குக் கன்று பிரித்துக் கொடுப்பது எப்படி?

நிலைக்கும். எந்த டெய்சியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

படத்தில் பார்த்துப் பலரும் ஆசைப்படுவது வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட சாஸ்தா டெய்சி. கலிஃபோர்னியாவில் லூதர் பர்பாங்க் பல இனங்களைக் கலந்து உருவாக்கி 1901-இல் வெளியிட்ட செடி அது. நல்ல குளிர்காலம் உள்ள ஊர்களில் ஆண்டுதோறும் தழைக்கும். நம் ஊரில் அது கத்திரி வெயிலைத் தாண்டுவது அரிது. அதை நம்பிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பேன்.

கொடுங்கையூரில் என் வீட்டில் இருப்பவை ஜெர்பெராவும் சாமந்தியும். இரண்டும் டெய்சிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜெர்பெரா தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. வெயில் அதற்குப் புதிதல்ல. ஆனாலும் மொட்டை மாடியின் மே மாத வெயில் ஆகாது. காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம், அல்லது பச்சை நிழல் வலைக்குக் கீழே வைத்தால் பிழைத்துக்கொள்ளும். பூத்தபின் அதன் நடு வட்டத்தைக் கிட்டத்தில் பாருங்கள். நாம் ஒரு பூ என்று நினைப்பது நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களின் கூட்டம். நடுவில் உள்ளவை ஓரத்திலிருந்து உள்நோக்கி, வட்டம் வட்டமாக விரிந்து மகரந்தம் காட்டும். தினமும் காலையில் இதைப் பார்ப்பதற்காகவே அந்தச் செடியை வளர்க்கலாம்.

நம் பகுதியில் பெரிய எதிரி தண்ணீர்தான். கடலோரப் பேட்டைகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பு. இலையோரம் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால் உப்பு ஏறிவிட்டது என்று பொருள். குழாய்த் தண்ணீரும் அரிசி களைந்த நீரும் ஏசியிலிருந்து சொட்டும் நீரும் செடிகளுக்கு ஒதுக்குங்கள். மழைக்காலத்தில் தொட்டிகளைக் கூரைக்கு வெளியே வைத்தால் சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு போகும். தொட்டியின் அடித்துளை மட்டும் அடைபடக் கூடாது.

சாமந்திக்கு இன்னொரு குறிப்பு. இரவு நீளமானால்தான் அது மொட்டு வைக்கும். தெருவிளக்கு வெளிச்சம் இரவெல்லாம் படும் இடத்தில் வைத்தால் இலை மட்டும் செழிக்கும், பூ தள்ளிப்போகும். வாசல் திண்ணையில் பூக்காத சாமந்தியைப் பின்பக்கம் மாற்றிப் பாருங்கள்.

இனி கன்று பிரிப்பது. பிரித்துக் கொடுத்தால் தாய்ச்செடி மெலிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மை நேர்மாறானது. இரண்டு மூன்று ஆண்டுகள் பிரிக்காமல் விட்ட ஜெர்பெராத் தூரில் குருத்துகள் நெருக்கியடித்து, காற்றுப் புகாமல் அழுகும், பூவும் சிறுத்துப்போகும். கொடுத்தால்தான் செடி வாழும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழி, தை மாதங்களில் குளிர்ச்சி இருக்கும்போது செய்யுங்கள். முதல் நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் தூரை மண்ணோடு எடுத்து, மண்ணை உதிர்த்துவிட்டால் குருத்துகள் தனித்தனியாகத் தெரியும். கையால் விலக்குங்கள், வராத இடத்தில் மட்டும் சுத்தமான கத்தி. ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு குருத்தும் கொஞ்சம் வேரும் இருக்க வேண்டும். பழைய இலைகளைப் பாதியாகக் கத்தரித்துவிடுங்கள். செம்மண், மணல், மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு கலந்த மண்ணில், குருத்து மண்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி நட வேண்டும். குருத்து புதைந்தால் அழுகும். தண்ணீரையும் ஓரமாகவே ஊற்ற வேண்டும்.

சாமந்திக்கு வேலை குறைவு. பூத்து முடிந்ததும் ஒரு சாண் உயரம் விட்டு வெட்டினால் அடியிலிருந்து பக்கச் சிம்புகள் கிளம்பும். வேரோடு கிள்ளி நட்டால் போதும்.

கொடுப்பதற்கு அடியில் துளையிட்ட பால் பாக்கெட் உறையே சிறந்த பை. உடனே கையில் கொடுத்துவிடாமல், புது இலை விடும்வரை உங்கள் நிழலிலேயே வைத்திருங்கள். இலைக்கு அடியிலும் குருத்திடுக்கிலும் பஞ்சு போல வெள்ளையாக ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது மாவுப்பூச்சி; அந்தக் கன்றை யாருக்கும் தரக் கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எங்கள் தெருவில் வடிய நாளானது. தரையில் இருந்த என் செடிகள் எல்லாம் அழுகிவிட்டன. எதிர்வீட்டு அக்காவின் மாடித் தொட்டியில், நான் முன்பு கொடுத்த ஆரஞ்சு ஜெர்பெரா பிழைத்திருந்தது. "உன் செடிதானே, எடுத்துக்கோ" என்று தூரில் பாதியைப் பிரித்துக் கொடுத்தார். இப்போது என்னிடம் இருக்கும் ஆரஞ்சு வகை முழுவதும் அதன் வழி வந்தது. அதனால் ஒரே நிறத்தைக் குறைந்தது இரண்டு வீடுகளிலாவது, ஒன்று மாடியிலும் ஒன்று தரையிலுமாக, வைக்கச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்: மஞ்சள் பூவோடு தரையில் படரும் சிங்கப்பூர் டெய்சி. கணுவுக்குக் கணு வேர்விட்டு மற்ற செடிகளை மூடிவிடும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருப்பது அது. கேட்டு வருபவர்களுக்கு அதற்குப் பதில் ஒரு சாமந்திச் சிம்பைக் கொடுத்துவிடுங்கள்.