மூன்று அரியரும் ஒரு பொய்யும்

கேள்வி: மேடம், நான் இன்ஜினீயரிங் முதல் வருடம். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தது. முதல் செமஸ்டரில் கணக்கு, இயற்பியல், பைத்தான் புரோகிராமிங் மூன்றிலும் அரியர். வீட்டில் ஆல் பாஸ் என்று சொல்லிவிட்டேன். அப்பா தெருவுக்கே சாக்லேட் கொடுத்துவிட்டார். ராத்திரி தூக்கம் வருவதில்லை. எனக்கு மன உறுதியே இல்லையா? படிப்பை விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: சாக்லேட் வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே மா. ரிசல்ட் வந்ததிலிருந்து ஒருவரிடமும் சொல்லாமல் வகுப்புக்கும் போய் வருகிறாய். உறுதி இல்லாதவளால் அது முடியுமா? ஆனால் அதில் பாதி அந்தப் பொய்யைக் காப்பாற்றவே செலவாகிறது.

1979-இல் நானும் தமிழ் மீடியத்திலிருந்து பி.எஸ்சி. கணக்கு சேர்ந்தேன். முதல் வாரமே பேராசிரியர் 'லெட் எப்சிலான் பி கிவன்' என்றார். எதை, யார், யாருக்குக் கொடுத்தார்கள் என்று புரியாமல் ஒரு மாதம் ஓட்டினேன். முதல் தேர்வில் நூற்றுக்குப் பதினொன்று. ஹாஸ்டலில் துணி துவைக்கிற இடத்தில் அழுதுகொண்டிருந்தபோது ஒரு சீனியர் அக்கா கேட்டு, 'எப்சிலான்னு ஒரு குட்டி எண் இருக்குன்னு வச்சுக்கோ, அவ்வளவுதான்டி' என்றார். எனக்குக் கணக்கு வராமல் இல்லை, வாக்கியம்தான் வரவில்லை.

அதனால் முதலில் கணக்கு, இயற்பியல் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கு. பார்க்கவே பயமாகத்தான் இருக்கும், தோழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார். முப்பது வருடத்துக்கு மேல் பேப்பர் திருத்தியவள் சொல்கிறேன்: உன்னைப் போன்ற பிள்ளைகள் கணக்கைச் சரியாகத்தான் போடுவார்கள், கேள்வி நீளமாக இருந்தால் தொடாமலே விட்டுவிடுவார்கள். பைத்தான் வேறு கதை. லேபில் வேகமாக டைப் அடிக்கத் தெரிந்தவள் அடிப்பாள், நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாய். சரிதானே? இனிமேல் கீபோர்டை உன் பக்கம் இழு. பார்த்துக்கொண்டே இருந்தால் சைக்கிள்கூட வராது.

வீட்டில் சொல்லியாக வேண்டும். போனில் வேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதலில் அம்மாவிடம் சொல், பிறகு இருவருமாக அப்பாவிடம் போங்கள். 'மூணு பேப்பர் போயிடுச்சுப்பா, அடுத்த செமஸ்டரோட சேர்த்து எழுதிடலாம்' என்றால் போதும். திட்டுவார். கொடுத்த சாக்லேட்டைத் திரும்பவா வாங்கப் போகிறார்?

அப்புறம் அந்தத் தூக்கம். அதைத் தள்ளிப்போடாதே. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கிற கல்வி நிறுவனத்தில் தகுதியான மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. உன் கல்லூரியில் யார் என்று விசாரி. (சில இடங்களில் அறைக்குப் பெயர்ப்பலகை இருக்கும், உள்ளே பழைய நாற்காலிகள் இருக்கும். எனக்குத் தெரியும்.) யாரும் இல்லையென்றால் 14416, டெலி மானஸ். அரசின் இலவச மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிரோடு இருந்து என்ன என்கிற மாதிரி நினைப்பு ஒரு தடவை வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே, ரூம்மேட்டை எழுப்பு.

படிப்பை விடுவதா என்ற கேள்வியை அரியர் எழுதி முடித்த பிறகு எனக்கு மறுபடி அனுப்பு.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் எதற்கெடுத்தாலும் சோர்ந்து போகிறான். மன தைரியம் வர, காலை 5 மணி யோகா வகுப்பில் சேர்த்துவிட்டேன். போக மறுக்கிறான். என்ன செய்வது?
- ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: யோகா நல்லதுதான் சார். ரெக்கார்டு நோட்டு எழுதி முடித்து அவன் படுப்பதே ஒரு மணிக்கு என்று நீங்களே கடிதத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதம் தூங்க விடுங்கள்.