கரண்ட் போய் வந்தால் பாஸ்வேர்ட் பிழைக்குமா?

கேள்வி: அண்ணா, ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருக்கிறேன். இரவு கரண்ட் போய் வந்தால், காலையில் என் கணினி பாஸ்வேர்ட்டை ஏற்காது. பக்கத்து மேசைக் கணினியில் அதே பாஸ்வேர்ட் வேலை செய்கிறது. மூன்று தடவை மாற்றித் தந்துவிட்டார்கள். 'நீதான் மறக்கிறாய்' என்று ஏச்சு வேறு.
– பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, நீங்கள் மறக்கவில்லை. மறந்திருந்தால் பக்கத்து மேசையிலும் திறந்திராது. ஏசுவதற்கு முன் இதை யாராவது யோசித்திருக்க வேண்டும்.

எனக்குச் சந்தேகம் மணிக்கூட்டில். அடுத்த முறை பாஸ்வேர்ட் அடிக்க முன், பூட்டுத்திரையில் பெரிதாகத் தெரியும் நேரத்தைப் பாருங்கள். அங்கே ஆண்டு காட்டாது. அதனால் கிழமையும் திகதியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்திருக்க, அது வியாழன் என்று காட்டினால் ஆள் பிடிபட்டுவிட்டது.

கந்தோர்க் கணினிகளின் பாஸ்வேர்ட்டைச் சரிபார்க்கும் பொதுக் கணினிதான் சேர்வர். அது பாஸ்வேர்ட்டை மட்டும் பார்ப்பதில்லை, நேரத்தையும் பார்க்கும். வழமையான விண்டோஸ் அமைப்பில் சேர்வரின் நேரத்துக்கும் உங்கள் கணினியின் நேரத்துக்கும் இடையே 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏற்காது. சில வேளை உள்ளே விட்டுவிட்டு, பொதுக் கோப்புறையைத் திறக்கும்போது மறிக்கும்.

கரண்ட் இல்லாதபோது மணிக்கூட்டை ஓட வைப்பது மதர்போர்டில் (கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையில்) இருக்கும் சில்லறைக் காசு போன்ற பற்றரி. மேலே சிஆர் 2032 என்று பொறித்திருக்கும்: 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு, 3 வோல்ட். கணினியை நிறுத்தி, வயரையும் கழற்றிவிட்டு மாற்றச் சொல்லுங்கள். கூட்டல் குறி மேலே இருக்க வேண்டும். பிறகு பயோஸில், அதாவது விண்டோஸ் தொடங்க முன் திறக்கும் அமைப்புத் திரையில், திகதியையும் நேரத்தையும் ஒருமுறை சரிசெய்தால் போதும்.

நேர வலயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளிநொச்சியில் நான் பார்த்த ஒரு கணினியில் நேரம் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் வலயம் டாக்கா. யாரோ கையால் நேரத்தைத் திருத்தியிருந்தார்கள். சேர்வர் உலக நேரத்தில் கணக்குப் பார்ப்பதால் அரை மணித்தியாலம் பிழைத்தது. எங்களுக்கு இந்த அரை மணி புதிதில்லை. 1996இல் நாட்டின் நேரத்தை மாற்றியபோது வன்னியில் பழைய நேரமே ஓடியது. வவுனியாவுக்குப் போனால் மணிக்கூட்டைத் திருப்ப வேண்டும். 2006 ஏப்ரலில்தான் நாடு பழையபடி 5.30க்குத் திரும்பியது. உங்கள் கணினியில் 'சிறீ ஜயவர்த்தனபுர' என்ற வலயம் இருக்க வேண்டும்.

விசைப்பலகை தமிழில் நின்றாலும் பாஸ்வேர்ட் பிழைக்கும். ஆனால் அது கரண்ட் போன நாளாகப் பார்த்து வராது.

கேள்வி: பாஸ்வேர்ட் மாற்றிய நாளிலிருந்து என் கணக்கு தானாகவே பூட்டுப்படுகிறது. திறந்து தந்தாலும் ஒரு மணித்தியாலம்தான்.
– வாசகர், மல்லாவி

பதில்: உங்கள் போனில் கந்தோர் மின்னஞ்சல் இருக்கிறதா? அதில் பழைய பாஸ்வேர்ட் கிடக்கும். நீங்கள் தொடாமலே அது திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும். எண்ணிக்கை மிஞ்சியதும் சேர்வர் பூட்டிவிடும். முதலில் போனில் புதியதைப் போடுங்கள். அப்புறமும் பூட்டுப்பட்டால், சேர்வர் பதிவேட்டில் 4740 என்ற இலக்கத்தைத் தேடச் சொல்லுங்கள். எந்தக் கணினி வழியாகப் பிழையான பாஸ்வேர்ட் வந்தது என்று அதில் பெரும்பாலும் பெயரோடு இருக்கும்.